முகப்பு விளக்கும் எதிரே வருபவரின் கண்ணும்: வாசகர் கேள்வி – பதில்

வாகனங்களின் முகப்பு விளக்குகளை எல்.இ.டி. பல்புகளுக்கு மாற்றுவது பற்றியும், அதனால் உண்டாகும் கண்கூச்சம் பற்றியும் வாசகர்கள் தொடர்ந்து எழுதிவருகிறார்கள். அந்தக் கேள்விகளுக்கு இம்முறை ஒன்றாகப் பதில் தருகிறோம்.

கேள்வி: என் காரில் எச்4 வகை ஹாலஜன் பல்புகள் உள்ளன. இரவில் வெளிச்சம் போதவில்லை. அதே இடத்தில் அப்படியே மாட்டக்கூடிய எல்.இ.டி. பல்புகள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றை வாங்கி மாட்டிவிட்டால் போதுமா?

பதில்: மாட்ட முடியும், எரியவும் செய்யும். ஆனால் பல்பின் அடிப்பாகம் விளக்குக்குள் சரியாக உட்கார்ந்துவிட்டது என்பதாலேயே, அதன் ஒளி சாலையில் விழவேண்டிய இடத்தில் விழும் என்று சொல்லிவிட முடியாது. காரணம் விளக்கின் உள்ளமைப்பில் இருக்கிறது.

எச்4 பல்பின் கண்ணாடிக் குப்பிக்குள் இரண்டு இழைகள் உள்ளன. 60 வாட் இழை ஹை பீமுக்கும் (தொலைவுக்கு நேராக வீசும் ஒளி), 55 வாட் இழை லோ பீமுக்கும் (எதிரே வருபவரைக் கூசச் செய்யாதபடி தாழ்த்தி வீசும் ஒளி) உரியவை. லோ பீம் இழையின் அடியில் சிறிய உலோகக் கிண்ணம் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அந்த இழையிலிருந்து கீழ்நோக்கிப் பாயும் ஒளியை அது தடுத்துவிடுவதால், விளக்குக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் குழிந்த பளபளப்பான பரப்பான ரிஃப்ளெக்டரின் மேற்பகுதியில் பட்டுச் சாலையை நோக்கித் திரும்பும் ஒளி மட்டுமே வெளியே வருகிறது. சுவரில் லோ பீமை அடித்துப் பார்த்தால் மேலே இருளும் கீழே ஒளியுமாகத் தெளிவான ஒரு எல்லைக்கோடு தெரிவது இதனால்தான்; அந்தக் கோடு சாலையோரத்துப் பக்கம் மட்டும் சற்றே மேலேறிச் செல்வது, நடந்து செல்பவர்களையும் பெயர்ப்பலகைகளையும் காட்டுவதற்காக. இவ்வளவு வேலையும் ஏறத்தாழ ஐந்தரை மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு மெல்லிய இழை எந்தப் புள்ளியில் நிற்கிறது என்பதைப் பொறுத்தே நடக்கிறது. ரிஃப்ளெக்டரின் வளைவு முழுவதும் அந்த ஒரு புள்ளியைக் கணக்கில் வைத்து வடிவமைக்கப்பட்டது.

எல்.இ.டி. பல்பில் இழை கிடையாது. ஒரு மெல்லிய தகட்டின் இரு பக்கங்களிலும் சிறு சிறு ஒளிச்சில்லுகள் பதிக்கப்பட்டிருக்கும். அவற்றின் சூட்டைப் பின்பக்கமாகக் கடத்துவதற்காகத் தகட்டுக்குக் கொஞ்சமாவது தடிமன் வேண்டியிருப்பதால், இரு பக்கத்துச் சில்லுகளும் இழை இருக்கவேண்டிய கோட்டிலிருந்து ஆளுக்கொரு பக்கமாக விலகி நிற்கின்றன. மேலும், இழை தன்னைச் சுற்றி எல்லாத் திசைகளிலும் ஒளி வீச, சில்லோ தான் பார்த்திருக்கும் பக்கம் மட்டுமே அதிகமாக வீசுகிறது. இந்த இரண்டு மாற்றங்களாலும் ரிஃப்ளெக்டரின் சில பகுதிகளுக்கு அளவுக்கு மீறிய ஒளியும், சில பகுதிகளுக்குக் குறைவான ஒளியும் போய்ச் சேர்கின்றன, எல்லைக்கோடு மங்கிவிடுகிறது, அதற்கு மேலே இருளாக இருக்கவேண்டிய பகுதியில் ஒளி சிதறுகிறது. அந்தச் சிதறல்தான் எதிரே வருபவரின் கண்ணில் நேராகப் பாய்கிறது.

தகடு மிக மெல்லியதாகவும், சில்லுகள் இழையின் அளவுக்கும் இடத்துக்கும் மிக நெருக்கமாகவும் அமைந்த நல்ல தயாரிப்புகளில் இந்தக் குறை குறையும். ஆயினும் ஒரு பல்ப் ஒரு விளக்கில் ஒழுங்காக வேலை செய்வதால் மற்றொரு விளக்கிலும் அப்படியே செய்யும் என்பதற்கு உறுதியில்லை. ஜெர்மனியில் 2020ஆம் ஆண்டில் முதன்முதலாக ஓர் எல்.இ.டி. மாற்று பல்புக்குச் சாலை அனுமதி வழங்கப்பட்டபோது, சோதித்துப் பார்க்கப்பட்ட குறிப்பிட்ட கார் மாடல்களுக்கு மட்டுமே அது செல்லும் என்று வரையறுத்ததன் காரணமும் இதுவே. பல நாடுகளின் விதிகள் முகப்பு விளக்கை எந்த வகைப் பல்புடன் சேர்த்து அங்கீகரித்தனவோ, அந்த வகையோடு மட்டுமே ஏற்கின்றன. ஆகவே உங்கள் நாட்டின் விதியையும் காப்பீட்டு நிபந்தனையையும் படித்துப் பார்த்த பிறகே பணத்தைச் செலவழியுங்கள்.

உங்களுடையது ரிஃப்ளெக்டர் வகை விளக்கு என்றால், மாற்றவேண்டாம் என்பதே என் பரிந்துரை. முன்னால் உருண்டையான வில்லை கொண்ட புரொஜெக்டர் வகையில், மேலே செல்லும் ஒளியை உள்ளேயே ஒரு தடுப்புத் தகடு வெட்டிவிடுவதால் கண்கூச்சம் கணிசமாகக் குறையும். எனினும் தொலைவுக்குச் செல்லவேண்டிய செறிந்த ஒளி அங்கும் பலவீனப்படலாம். தொழிற்சாலையிலேயே எல்.இ.டி.யுடன் வரும் விளக்குகளை இவற்றோடு ஒப்பிடுவது முறையாகாது. அவற்றின் ரிஃப்ளெக்டரும் வில்லையும் அந்தச் சில்லுகளுக்கென்றே உருவாக்கப்பட்டவை.

கேள்வி: எல்.இ.டி. மாட்டிய பிறகு காருக்கு முன்னால் பகல்போல் வெளிச்சமாக இருக்கிறது. ஆனால் நெடுஞ்சாலையில் தொலைவில் வருவது முன்பைவிடத் தாமதமாகவே தெரிவதுபோல் உணர்கிறேன். இது என் பிரமையா?

பதில்: பிரமை இல்லை. நீங்கள் கவனித்தது சரியானது. பலர் இதைக் கவனிக்காமலேயே, வெளிச்சம் கூடிவிட்டது என்று மகிழ்ந்து வேகத்தையும் கூட்டிவிடுகிறார்கள்.

மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வாகனம் வினாடிக்கு 25 மீட்டர் கடக்கிறது. வண்டிக்கு முன்னால் 15 மீட்டர் வரை தரை பளிச்சென்று தெரிவதால் அந்த வேகத்தில் எந்தப் பயனும் இல்லை. அங்கே ஒரு பள்ளத்தைக் கண்டாலும், கால் பிரேக்கைத் தொடுமுன் அதன்மேல் ஏறியிருப்போம். நமக்கு ஒளி தேவைப்படுவது எழுபது, எண்பது மீட்டருக்கு அப்பால். தொலைவு இரட்டிப்பானால் ஒரு பொருளின்மீது விழும் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடுவதால், அவ்வளவு தூரம் எட்டவேண்டுமானால் ஒளி ஒரு குறுகிய பகுதியில் செறிந்திருக்க வேண்டும். பொருந்தாத பல்பில் அந்தச் செறிவுதான் முதலில் கலைகிறது. கலைந்த ஒளி அருகிலுள்ள தரையில் கொட்டிக் கிடக்க, அந்தப் பிரகாசத்துக்குக் கண் பழகிப் பாவையும் சுருங்குகிறது. அதனால் தொலைவிலுள்ள மங்கலான உருவங்கள் மேலும் மங்குகின்றன.

பல்பின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் லூமென் எண்ணிக்கையைக் கண்டு மயங்கவேண்டாம். சாதாரண எச்4 ஹாலஜன் பல்புக்கு வரையறுக்கப்பட்ட அளவு லோ பீமில் 1000 லூமென், ஹை பீமில் 1650 லூமென். இந்த அளவைக் கொண்டே பல்லாண்டுகளாக வாகனங்கள் இரவில் ஓடியிருக்கின்றன. லூமென் என்பது பல்ப் எல்லாத் திசைகளிலும் வீசும் மொத்த ஒளியின் அளவு மட்டுமே. அதில் எத்தனை பங்கு சாலையின் தொலைதூரப் பகுதிக்குப் போகிறது என்பதை எந்தப் பெட்டியும் சொல்வதில்லை. போக்குவரத்து இல்லாத, நேரான, இருண்ட இடத்தில் வண்டியை நிறுத்தி, கருநிறத் துணி ஒன்றைப் பிடித்தபடி ஒருவரைத் தள்ளித் தள்ளி நடக்கச் சொல்லி, பழைய பல்பில் எதுவரை தெரிகிறது, புதியதில் எதுவரை தெரிகிறது என்று பாருங்கள். இதைவிட நேர்மையான சோதனை வேறில்லை.

கேள்வி: ஏற்கெனவே எல்.இ.டி.க்கு மாறிவிட்டேன். லோ பீமில் சென்றாலும் எதிரே வருபவர்கள் விளக்கை மினுக்கிக் காட்டுகிறார்கள். என்ன செய்ய வேண்டும்?

பதில்: அவர்கள் மினுக்குவதைப் புகாராக எடுத்துக்கொண்டு காரணம் தேட முனைந்திருக்கிறீர்கள், அதுவே பாதி வேலை.

முதலில் பல்பைக் கழற்றாமல், அது எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பாருங்கள். ஒளிச்சில்லுகள் இடமும் வலமுமாகப் பார்த்திருக்க வேண்டும். மேலும் கீழுமாகத் திரும்பியிருந்தால் ஒளி தாறுமாறாகவே விழும். பல தயாரிப்புகளில் அடிவளையத்தைத் தளர்த்திக் கோணத்தைத் திருத்திக்கொள்ள முடியும். எச்4 வகையில் சிறு தடுப்புக் கிண்ணம் லோ பீம் சில்லின் கீழ்ப்புறம் இருக்கவேண்டும் என்பதையும் சரிபாருங்கள்.

அடுத்தது சாய்வு. சமதளமான தரையில், சுவரிலிருந்து சரியாக 10 மீட்டர் தள்ளி, சுவருக்கு நேராக வண்டியை நிறுத்துங்கள். டயர்களில் உரிய காற்றும், ஓட்டுநர் இருக்கையில் ஓர் ஆளும் இருக்கவேண்டும். விளக்கின் உயரத்தைச் சரிசெய்யும் திருகு டேஷ்போர்டில் இருந்தால் அதைச் சுழியத்தில் வையுங்கள். தரையிலிருந்து விளக்கின் மையம் எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தைச் சுவரில் குறித்து, அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு இழுங்கள். சாதாரணக் கார்களில் லோ பீமின் எல்லைக்கோடு இந்தக் கீழ்க்கோட்டை ஒட்டி விழவேண்டும். இதை ஒரு விழுக்காட்டுச் சாய்வு என்பார்கள். இடம் போதாதவர்கள் 5 மீட்டரில் நிறுத்தினால் 5 சென்டிமீட்டர் கீழே குறிக்கவேண்டும். பெரும்பாலான கார்களின் விளக்கில் அந்தக் காருக்குரிய சாய்வு விழுக்காடு ஒட்டுவில்லையிலோ தகட்டிலோ பொறிக்கப்பட்டிருக்கும். அப்படி இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று எண்ணவேண்டாம். விளக்கு ஒரே ஒரு பாகை மேல்நோக்கினால், 50 மீட்டர் தொலைவில் ஒளி 87 சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். தரையைத் தொடவேண்டிய ஒளி, எதிரே வரும் தாழ்வான காரின் ஓட்டுநர் கண்ணுக்கு நேராகிவிடும்.

சாய்வைச் சரிசெய்த பிறகும் எல்லைக்கோட்டுக்கு மேலே சுவரில் வெண்மையான ஒளி படர்ந்திருக்கிறதா என்று கூர்ந்து பாருங்கள். படர்ந்திருந்தால் கோளாறு சாய்வில் இல்லை, பல்பும் விளக்கும் பொருந்தாததில் இருக்கிறது. அதை மறைப்பதற்காக விளக்கை இன்னும் கீழே இறக்கச் சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. அந்த யோசனையை நான் கடுமையாக எதிர்க்கிறேன். 70 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ள விளக்கு ஒரு விழுக்காட்டுச் சாய்வில் இருக்கும்போது அதன் எல்லைக்கோடு 70 மீட்டரில் தரையைத் தொடும். இரண்டு விழுக்காடாக இறக்கினால் 35 மீட்டரிலேயே தொட்டுவிடும். உலர்ந்த சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், ஓட்டுநர் ஆபத்தை உணர்ந்த கணத்திலிருந்து முழுமையாக நிற்பதற்கு ஏறத்தாழ 45 மீட்டர் தேவைப்படும். விளக்கு காட்டும் தொலைவுக்குள் நிறுத்த முடியாத வண்டியை ஓட்டுவதைவிடப் பழைய ஹாலஜனுக்கே திரும்பிவிடுவது மேல்.

கடைசியாக ஒன்று செய்யுங்கள். லோ பீமை எரியவிட்டு, நாற்பது ஐம்பது மீட்டர் தள்ளி நடந்து சென்று, கார் இருக்கையில் அமர்ந்தவரின் கண் உயரத்துக்குக் குனிந்து உங்கள் வண்டியை நீங்களே பாருங்கள். பக்கத்தில் ஹாலஜன் விளக்குள்ள வேறொரு வண்டியையும் நிறுத்திவைத்துப் பார்த்தால் வேறுபாடு உடனே விளங்கும்.

கேள்வி: எல்.இ.டி. வேண்டாம் என்கிறீர்கள். என் பத்தாண்டுப் பழைய காரின் வெளிச்சத்தைக் கூட்ட வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. பழைய வண்டிகளில் விளக்கு மங்குவதற்குப் பல்ப் காரணமாக இருப்பது குறைவே. மின்னழுத்தமும் வெளிமூடியும்தான் முதலில் பார்க்கப்பட வேண்டியவை.

ஹாலஜன் பல்பின் வெளிச்சம் மின்னழுத்தத்தின் ஏறத்தாழ மூன்றரை மடிப் பெருக்கத்தில் மாறுகிறது. எளிதாகச் சொன்னால், பல்புக்குச் சேரும் மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் வெளிச்சம் 10 விழுக்காடு குறைவதோடு நிற்பதில்லை. ஏறத்தாழ 30 விழுக்காடு போய்விடுகிறது. மெல்லிய பழைய வயர்கள், கருகிய சுவிட்ச் முனைகள், துருப்பிடித்த எர்த் இணைப்பு ஆகியவை சேர்ந்து ஒரு வோல்ட்டுக்கு மேல் விழுங்கிவிடுவது அரிதன்று. என்ஜின் ஓடும்போது விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரால் பேட்டரி முனைகளிலும், பிறகு பல்பின் இணைப்பியிலும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் இடையில் அரை வோல்ட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால், பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடித்த வயர் இழுத்து, ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) வைத்து, எர்த்தையும் புதுப்பித்துக்கொள்ளுங்கள். சுவிட்ச் வழியாகச் செல்லும் மின்னோட்டமும் குறைவதால் சுவிட்சும் நெடுநாள் உழைக்கும். பலருக்கு இந்த ஒரு வேலையே போதுமானதாக இருக்கும்.

வெளிமூடி பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. வெயிலின் புற ஊதாக் கதிர்களால் அதன் மேற்பூச்சு சிதைந்து மஞ்சளித்துப் போகும்போது, வெளியே செல்லும் ஒளி குறைவதோடு, செல்லும் ஒளியும் சிதறி எதிரே வருபவரைக் கூசச் செய்கிறது. ஆக, ஒரே குறை உங்களுக்கும் அவருக்கும் கெடுதல் செய்கிறது. நீர் விட்டுத் தேய்க்கும் மணல்தாளைச் சொரசொரப்பானதிலிருந்து மிக மென்மையானது வரை படிப்படியாகப் பயன்படுத்தி, பாலிஷ் போட்டு, இறுதியில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சைக் கட்டாயம் பூசவேண்டும். கடைசிப் பூச்சைத் தவிர்த்தால் சில மாதங்களில் மூடி மறுபடியும் மங்கிவிடும்.

இவற்றுக்குப் பிறகு, பெயர்பெற்ற நிறுவனத்தின் புதிய 60/55 வாட் பல்புகளை இரு பக்கமும் ஒன்றாக மாற்றி, சாய்வைச் சரிசெய்யுங்கள். 100 வாட், 90 வாட் ஹாலஜன் பல்புகள் வேண்டவே வேண்டாம். அவற்றின் சூட்டில் இணைப்பி உருகுவதும், ரிஃப்ளெக்டரின் பளபளப்பு கருகுவதும் நடக்கின்றன.

கேள்வி: 6500 கெல்வின் வெண்ணிற எல்.இ.டி. நல்லதா, மஞ்சள் ஒளி நல்லதா? மூடுபனியை மஞ்சள் ஒளி ஊடுருவும் என்பது உண்மையா?

பதில்: கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு. ஹாலஜன் ஒளி ஏறத்தாழ 3200 கெல்வின் நிறம் கொண்டது. வெண்ணிற எல்.இ.டி. என்பது நீல ஒளிச்சில்லின்மேல் மஞ்சள் ஒளிரும் பூச்சு பூசி உருவாக்கப்படுவது. கெல்வின் எண் கூடக்கூட அதில் நீலத்தின் பங்கு கூடுகிறது. ஒரே அளவு ஒளியாக இருந்தாலும், நீலம் மிகுந்த ஒளியே எதிரே வருபவருக்கு அதிக உறுத்தலைத் தருகிறது. ஆகவே எல்.இ.டி.தான் என்று முடிவுசெய்துவிட்டவர்கள் 4000 முதல் 5000 கெல்வினுக்குள் நின்றுகொள்வது நல்லது.

மூடுபனியின் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. அதனால் அவை எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரேபோலச் சிதறடிக்கின்றன. மஞ்சளுக்கென்று தனி வழி விடுவதில்லை. பிரான்ஸ் 1936இல் முகப்பு விளக்குகள் மஞ்சள் நிறத்தில்தான் இருக்கவேண்டும் என்று விதித்து, 1993 வரை அதைக் கடைப்பிடித்தது. ஐரோப்பிய நாடுகளின் விதிகள் ஒன்றாக்கப்பட்டபோது அது கைவிடப்பட்டது. பனியில் உண்மையில் உதவுவது, விளக்கு தாழ்வாக அமைந்திருப்பதும், ஒளி அகன்று விரிந்து, மேலே எழாமல் வெட்டப்பட்டிருப்பதுமே. மழை இரவில் வெண்ணிற விளக்கு எரிவதே தெரியவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. நனைந்த தார்ச்சாலை ஒளியைத் திருப்பி அனுப்பாமல் முன்னோக்கியே வழுக்கவிட்டுவிடுவதுதான் இதற்கு முக்கியக் காரணம். அந்த ஒளி எதிரே வருபவரின் கண்ணில் போய் விழுகிறது.

கேள்வி: இருசக்கர வாகனத்தில் பின்னால் ஆள் அமரும்போதெல்லாம் எதிரே வருபவர்கள் சத்தம் போடுகிறார்கள். ஏன்?

பதில்: பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் தூக்குவதால் விளக்கும் மேலே பார்க்கிறது. வழக்கமாக இருவர் செல்வீர்கள் என்றால், இருவரும் அமர்ந்த நிலையிலேயே சாய்வைச் சரிசெய்யுங்கள். பின் ஷாக் அப்சார்பரின் இறுக்கத்தையும் ஒரு படி கூட்டுங்கள். காரின் டிக்கியில் பாரம் ஏற்றும்போது டேஷ்போர்டுத் திருகை இறக்குவதும் இதே காரணத்துக்காகத்தான்.

கேள்வி: எல்.இ.டி. மாட்டியதிலிருந்து டேஷ்போர்டில் பல்ப் எரியவில்லை என்ற எச்சரிக்கை வருகிறது, ரேடியோவில் இரைச்சல், விளக்குக்குள் நீராவி வேறு படிகிறது.

பதில்: மூன்றுக்கும் காரணம் வேறுவேறு. எல்.இ.டி. மிகக் குறைந்த மின்னோட்டத்தையே எடுப்பதால், பல்ப் பழுதாகிவிட்டது என்று வண்டியின் கணினி கருதுகிறது. மின்னோட்டத்தைக் கூட்டிக் காட்டி இந்த எச்சரிக்கையை நிறுத்துவதற்காக விற்கப்படும் ரெசிஸ்டர்கள் (மின்தடைகள்) கைவைக்க முடியாத அளவுக்குச் சூடேறுபவை; அவற்றை வயரிலோ பிளாஸ்டிக்கிலோ கட்டாமல் உலோகப் பரப்பில் மட்டுமே பொருத்தவேண்டும். ரேடியோ இரைச்சல், பல்பை இயக்கும் மின்சுற்று தரமற்றது என்பதன் அடையாளம். பல்பை மாற்றுவதே தீர்வு. பல்பின் பின்பக்க விசிறி இடிப்பதால் ரப்பர் மூடியைக் கழற்றிவிட்டோ ஓட்டை போட்டோ மாட்டியிருப்பார்கள். நீராவி அந்த வழியாகத்தான் நுழைகிறது. மூடி போட முடியாத பல்பு உங்கள் விளக்குக்கு உரியதன்று.

கேள்வி: எனக்கு வயது அறுபதைக் கடந்துவிட்டது. எதிரே வரும் வெள்ளை விளக்குகளால் சில நொடிகள் ஒன்றுமே தெரிவதில்லை. இரவு ஓட்டுவதற்கென்று விற்கப்படும் மஞ்சள் கண்ணாடி உதவுமா?

பதில்: உதவாது. வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை தெளிவிழந்து, உள்ளே நுழையும் ஒளியைச் சிதறடிக்கிறது. சிதறிய ஒளி விழித்திரைமேல் ஒரு திரைபோலப் படர்ந்து, இருட்டில் நடப்பவரை மறைத்துவிடுகிறது. மஞ்சள் கண்ணாடி எதிரே வரும் விளக்கின் ஒளியோடு, நீங்கள் பார்க்கவேண்டிய மங்கலான உருவத்தின் ஒளியையும் சேர்த்தே குறைக்கிறது. 2019இல் வெளியான ஓர் ஆய்வில், இத்தகைய கண்ணாடிகள் சாலையில் நடப்பவரைக் கண்டுகொள்வதை மேம்படுத்தவில்லை என்றே தெரியவந்தது. கண்புரை தொடங்கியிருக்கிறதா என்று மருத்துவரிடம் சோதித்துக்கொள்ளுங்கள். பார்வைக் கண்ணாடி அணிபவர் என்றால் எதிரொளிப்பைத் தடுக்கும் பூச்சுள்ளதை வாங்குங்கள். முன்கண்ணாடியின் உட்புறத்தில் படியும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தை வாரம் ஒருமுறை துடைப்பது, செலவில்லாமல் உடனே பலன் தரும்.

கேள்வி: எதிரே வருபவர் ஹை பீமைக் குறைக்க மறுத்தால் நானும் ஹை பீமைப் போட்டுக் காட்டலாமா?

பதில்: ஒரே ஒரு முறை மினுக்கலாம்; அதற்குமேல் வேண்டாம். கண் கூசிய ஓட்டுநர் ஒருவர் இருக்கும் சாலையில் இருவரை உண்டாக்குவதால் உங்களுக்கே ஆபத்து. அவரது விளக்கை நேராகப் பார்க்காமல், உங்கள் பக்கத்துச் சாலையோரக் கோட்டின்மேல் பார்வையை வைத்து வேகத்தைக் குறையுங்கள். ஒளி எவ்வளவுக்குப் பார்வையின் நேர்க்கோட்டைவிட்டு விலகுகிறதோ அவ்வளவுக்குக் கண்கூச்சம் விரைவாகக் குறையும். அந்த வண்டி கடந்தவுடனேயும் வேகமெடுக்கவேண்டாம். கண் இருட்டுக்குத் திரும்பச் சில வினாடிகள் ஆகும், மணிக்கு 80 கிலோமீட்டரில் மூன்று வினாடி என்றால் ஏறத்தாழ 67 மீட்டர். முன்னே செல்லும் வண்டியை நெருங்கும்போதும் லோ பீமுக்கு மாறிவிடுங்கள். அவரது கண்ணாடிகளில் உங்கள் ஹை பீம், எதிரே வருபவருக்கு நேர்வதைவிட நீண்ட நேரம் நின்று எரிகிறது.